லைட்டக்கா எஞ்சின் மாற்றிய கதை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ ஒரு சான்றிதழில் தூங்கிக்கொண்டிருந்தது. கடைத்தெரு முழுக்க அவளை லைட்டக்கா என்றுதான் அழைத்தது. அவள் கணவர் மெக்கானிக். ஊர் அவரை மேஸ்திரி என்றது. மேஸ்திரி வண்டிக்குள் தலையை விட்டாலும், வண்டிக்குக் கீழே படுத்தாலும், கம்பிக்கூண்டு போட்ட கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது அவள் வேலை. கல்யாணமான புதிதில் கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாமல் தொடங்கிய ஏற்பாடு அது. வசதி வந்த பிறகும் மாறவில்லை. கூலி ஆள் கோபித்துக்கொண்டு போய்விடுவான். பெண்டாட்டி எங்கே போவாள்?

விளக்குப் பிடிப்பதைச் சும்மா நிற்கும் வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாளும் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்து எந்த நட்டுக்கு அவர் கை போகப்போகிறதோ, கை போவதற்கு முன்னால் வெளிச்சம் அங்கே போய் நிற்க வேண்டும். நிழல் விழுந்தால் போச்சு. கையிலிருக்கும் ஸ்பேனரால் அவள் விரல் முட்டியில் ஒரு தட்டு. ஓங்கி அடிப்பதில்லை, கதவைத் தட்டுவதுபோல்தான் தட்டுவார்.

"டொக் டொக். உள்ள யாராவது இருக்கீங்களா?" என்பார்.

வண்டியைக் கொண்டுவந்த ஆட்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் "வீட்டுல ஆளில்ல போலிருக்கே" என்று இன்னொரு தட்டு விழும். முட்டி வீங்கி, மழைக்காலத்தில் வலித்து, பின்னாளில் அவளால் எட்டாம் நம்பர் ஸ்பேனரையும் பத்தாம் நம்பரையும் பார்க்காமலேயே, பட்ட இடத்தின் வலியை வைத்தே பிரித்துச் சொல்ல முடிந்தது. இதையும் மேஸ்திரி வேடிக்கையாகத்தான் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரிக்குச் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. எட்டுப் பேர் உட்காரும் பழைய மாடல். முன் சீட்டைத் தூக்கினால் அதன் அடியில் எஞ்சின். ஓட்டுகிறவரின் தொடைக்குக் கீழேயே அடுப்பு எரிகிற மாதிரி இருக்கும். தட்டையான சாலையில் பிழைத்துக்கொள்ளும். மேடு வந்தால் இருமும், கொதிக்கும், கடைசியில் வெள்ளைப் புகையை விட்டு உட்கார்ந்துவிடும். ஊரில் எத்தனையோ பேருக்குப் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதிது பொருத்திக் கொடுத்தவர், தன் வேனுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. யாராவது கேட்டால் ஒரே பதில்தான்.

"எம் பொண்டாட்டியையே மாத்தல. எஞ்சினையா மாத்துவேன்?"

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவனை மகளுக்குப் பிடித்துப்போயிற்று. மேஸ்திரிக்கு அவனைப் பிடிக்கவில்லை. வீட்டில் நடந்த சண்டையெல்லாம் நடந்து முடிந்து, ஒரு நாள் காலையில் மகள் கட்டின துணியோடு போய்விட்டாள். அவனும் அவளும் மலை மேலே இருக்கும் ஊரில் குடியேறினார்கள். "லிஃப்ட்காரன்ல, மேல தூக்கிட்டுப் போயிட்டான்" என்று மேஸ்திரி நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்குள் வந்து சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார்.

ஒரு வருடம் கழித்து மகளைப் போய்ப் பார்க்கலாமா என்று லைட்டக்கா மெல்லக் கேட்டாள்.

"வண்டி மேடு ஏறாதே" என்றார் மேஸ்திரி, ரொம்ப வருத்தப்படுகிறவரைப் போல.

"பஸ் போகுதுங்க."

"பஸ்ல போறதுன்னா போ. போனவ அங்கேயே இருந்துக்க. இந்த வாசல்ல கால் வைக்காத."

அவள் போகவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்தது என்று மேஸ்திரியின் அக்கா வந்து சொன்னபோதும் போகவில்லை. அன்றைக்கு மேஸ்திரி வேனுக்குள் சாய்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். வெளிச்சம் ஆடியது. டொக் டொக்.

அவர் விழுந்த நாளிலும் வேலைதான் நடந்துகொண்டிருந்தது. யாருடைய காரையோ பிரித்துப்போட்டிருந்தார். ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. திட்டப்போகிறார் என்று லைட்டக்கா தோளைக் குறுக்கினாள். திட்டு வரவில்லை. எண்ணெய்த் தட்டின் மேலேயே சரிந்துவிட்டார். மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் எஞ்சியது.

"சரி."

"மத்தவங்க பேசறது அவருக்கு நல்லாவே புரியும்" என்று டாக்டர் சொன்னார். "பதில் சொல்ல நினைப்பாரு. என்ன சொல்ல நினைச்சாலும் வாயில இந்த ஒரு வார்த்தைதான் வரும். சில பேருக்குக் கெட்ட வார்த்தை நின்னுபோயிடும். அதுக்கு இது தேவலை."

வாழ்நாளில் யாரிடமும் சரி என்று சொன்னதே இல்லை மேஸ்திரி. வாடிக்கையாளர் "நாளைக்கு வரட்டுமா" என்றாலும் "பார்ப்போம்" என்பார். அவருக்குப் போய் கடவுள் இந்தச் சொல்லையா விட்டுவைக்க வேண்டும் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் சந்தோஷமாகவே பேசிக்கொண்டார்கள்.

முதல் சில மாதங்கள் லைட்டக்கா ஒரு குறையும் வைக்கவில்லை. குளிப்பாட்டினாள், முகம் மழித்தாள், பாலில் ஊறிய ரொட்டியை ஊட்டினாள். சூடு அதிகமென்றால் அவர் "சரி சரி" என்று கத்துவார். ஆறிப்போனால் "சரி" என்று துப்புவார். எது எந்தச் சரி என்பது அவளுக்குத்தான் தெரியும். இத்தனை வருடம் அவர் கை போகுமிடத்தை முன்கூட்டியே பார்த்தவளுக்கு இதைப் பார்க்கத் தெரியாதா?

பட்டறைக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் அதைப் பெருக்கப் போனவள், வேனின் முன் சீட்டைத் தூக்கி உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றாள். பிறகு வீட்டுக்குள் வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"வேனுக்கு எஞ்சின் மாத்தட்டுமாங்க?"

மேஸ்திரியின் கண் விரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"சரி" என்றார். "சரி. சரி. சரி."

"உங்க இஷ்டம் அதுதான்னா மாத்திடறேன்" என்றாள் லைட்டக்கா. எழுந்து போய்த் தேநீர் போட்டாள். அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தாள். பெரிதாக இல்லை. வாயைப் புறங்கையால் பொத்திக்கொள்ளும் அளவுக்கு.

செய்தி கேட்டு அவருடைய அக்கா வந்துவிட்டாள். "அவன் உசுரா வெச்சிருந்த வண்டி. அவன்கிட்ட கேட்டியா?"

"நீங்களே கேளுங்க அண்ணி."

அக்கா தம்பியின் தலையைத் தடவினாள். "ஏண்டா, எஞ்சின மாத்தறாளாமே. மாத்தட்டுமா?"

"சரி" என்றார் மேஸ்திரி. இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். "சரி, சரி, சரி." கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"அவருக்கு அந்த ஒரு வார்த்தைதானே வருது அண்ணி" என்றாள் லைட்டக்கா. தன் மனசுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"வர்றது ஒண்ணா இருந்தா என்ன, சரின்னுதானே சொல்றான்" என்றாள் அக்கா. "பாரு, சந்தோஷத்துல அழறான். வண்டி ஓடினா எனக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வர ஆகும்."

உடைசல் கடையில் பின்பக்கம் நசுங்கிய ஒரு வேன் கிடந்தது. அதே கம்பெனி, ஆனால் பல வருடம் பிந்திய மாடல். பின்னால் லாரி மோதியதால் முன்பக்கம் முகம் கழுவியதுபோல் இருந்தது. அதன் எஞ்சின் பெரியது. கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலைப் பீய்ச்சும் ரகம். அதை ஆட்டிவைக்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. லைட்டக்கா எண்ணெய் மூடியைத் திருகி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் கலந்திருந்தால் மூடியில் வெண்ணெய் மாதிரி அப்பியிருக்கும். இது சுத்தமாக இருந்தது. கடைக்காரர் பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டினார்.

"கியர் பாக்ஸையும் சேத்து எடுத்துக்கம்மா. பழசு இதோட ஒட்டாது" என்றார் கடைக்காரர். "ரேடியேட்டரும் பெருசு வேணும். அப்புறம் முன் பிரேக்கையும் இதுலேர்ந்தே கழட்டிக்க. ஓடற சக்தி கூடினா நிக்கற சக்தியும் கூடணும்ல." பதிலுக்கு மேஸ்திரியின் வெல்டிங் மெஷினையும் காற்று அடிக்கும் கம்ப்ரெஸரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கடை ஆட்கள் வந்து அவர் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் சரி சரி என்று கத்தினார். "மேஸ்திரி தாராள மனசு" என்று தூக்கிய ஆட்கள் மெச்சினார்கள்.

ஒயரிங் வேலைக்கு அவள் மண்டுவைக் கூப்பிட்டாள். மண்டு என்பது அவனுக்கு மேஸ்திரி வைத்த பெயர். முன்பு அவரிடம் வேலை கற்றுக்கொண்டவன். இப்போது நாற்பதைத் தாண்டியவன், ஆட்டோ எலெக்ட்ரிகல் கடைக்குச் சொந்தக்காரன். பலகையில் என்னென்னவோ எழுதி வைத்தும் ஊர் அதை மண்டு கடை என்றே சொன்னது. ஒருகாலத்தில் ஒரு போல்ட்டின் மரையை அவன் கெடுத்துவிட்டான் என்று, பழைய ஃபேன் பெல்ட்டை அவன் கழுத்தில் மாட்டி, கடை மூடும்வரை வாசலில் நிற்க வைத்தார் மேஸ்திரி. வேலைக்குப் போகும் பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"மேஸ்திரி என்ன சொல்றாரு?" என்று கேட்டான் மண்டு.

"சரிங்கறாரு" என்றாள் லைட்டக்கா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேலை தொடங்கிய அன்று அவள் மேஸ்திரியைச் சக்கர நாற்காலியில் கொட்டகைக்குத் தள்ளிவந்தாள். அவருக்கும் பொழுது போக வேண்டாமா என்று பக்கத்து வீட்டாருக்குச் சொன்னாள். வேனின் அருகே நிறுத்தி, கூண்டு விளக்கை எடுத்து அவருடைய இடது கையில் கொடுத்து, நழுவாமலிருக்கத் துணியால் மணிக்கட்டோடு கட்டினாள்.

"பிடி" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவரை ஒருமையில் பேசியதில்லை. அந்த "பிடி" இருவர் காதிலும் விழுந்தது. அவர் அவளையே பார்த்தார். அவள் சீட்டைத் தூக்கிவிட்டு, ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் இறக்க ஆரம்பித்தாள்.

இடது கைக்குப் பழக்கமில்லை. விளக்கு அலைந்தது, சரிந்தது, அவள் கைக்கு வர வேண்டிய வெளிச்சம் தகரக் கூரைக்குப் போனது. அவள் நிமிர்ந்தாள். கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. நாற்காலிக்கருகே வந்து அவர் விரல் முட்டியில் தட்டினாள். பலமாக இல்லை.

"டொக் டொக். உள்ள இருக்கியா?"

விளக்கு மெல்ல நகர்ந்து எஞ்சினுக்கு வந்தது.

இத்தனை வருடமாக அவர் எதற்காக அதைச் செய்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது நன்றாகவே இருந்தது. தட்டிய ஓசை ஸ்பேனர் வழியாக அவள் உள்ளங்கைக்கு ஏறி, முழங்கை வரைக்கும் இதமாகப் பரவியது. அன்று இன்னும் பல தடவை விளக்கு ஆடியது. சில தடவை ஆடாமலும் அவள் தட்டினாள்.

பழைய எஞ்சினை இறக்குவது லேசான காரியமில்லை. வேனின் இரண்டு முன் கதவுகளையும் கழற்றி, குறுக்கே ஒரு கனத்த இரும்புக் குழாயை விட்டு, அதில் செயின் புல்லியைத் தொங்கவிட்டார்கள். ஒயர்களையும் ஹோஸ்களையும் பிடுங்கி, போல்ட்டுகளைக் கழற்றி, எஞ்சினை அடிவழியாகச் சக்கரப் பலகையில் இறக்கினார்கள். மண்டு ஒவ்வொரு ஒயரையும் வெட்டுவதற்கு முன்னால் மேஸ்திரியின் முகத்துக்கு நேரே கொண்டுபோனான்.

"இது வேணுமா மேஸ்திரி? வெட்டிரட்டுமா?"

"சரி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சரி, சரி." கட்டிய விளக்கு நடுங்கியது.

"உத்தரவு" என்று மண்டு வெட்டினான். மதியம் பன்னைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டே, கழற்றிப்போட்ட எஞ்சினின் ஃபேன் பெல்ட்டை எடுத்து மேஸ்திரியின் கழுத்தில் போட்டான். "பதவி உயர்வு" என்றான். லைட்டக்காவுக்குத் தேநீர் புரையேறியது. சிரிப்பில்தான் ஏறியது. மேஸ்திரியின் வெள்ளைச் சட்டையில் கரி வட்டமாகப் படிந்தது. சாயங்காலம் அக்கா வரும் சத்தம் கேட்டபிறகே அவள் அதைக் கழற்றினாள்.

"என்னடா சட்டையெல்லாம் கரி?" என்றாள் அக்கா.

"வேலைன்னா கரி படாம இருக்குமா அண்ணி. ஆசையா வந்து உக்காந்துக்கறாரு."

"சரி" என்றார் மேஸ்திரி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு. அக்கா அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

புது எஞ்சினின் கால்கள் பழைய சட்டத்தில் உட்காரவில்லை. இரும்புப் பட்டை வெட்டித் துளைபோட்டுப் புதுத் தாங்கிகள் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பக்கத்துத் தாங்கி பொருந்திவிட்டது. மற்றதைத் திருத்த மண்டு தன் கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தான். அவன் வரும்வரை காத்திருக்கலாம். லைட்டக்காவுக்குப் பொறுக்கவில்லை. புல்லியில் எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. பொருந்துகிற பக்கத்தையாவது சேர்த்துவிடலாமென்று வண்டிக்குக் கீழே போனாள். கீழே படுத்தால் மேலே செயினின் கொக்கி கண்ணுக்குத் தெரியாது. கொக்கியின் வாயில் இருக்க வேண்டிய தடுப்பு நாக்கு எப்போதோ உடைந்துபோனது. செயின் வழுக்கிக்கொண்டு நுனிக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு.

"கொக்கியைப் பாத்துக்கிட்டே இரு" என்றாள் மேஸ்திரியிடம். "வெளிச்சம் அங்கேயே இருக்கட்டும். நகர்ந்துச்சுன்னா சத்தம் போடு. உனக்கு வர்ற சத்தமே போதும்."

ரொட்டி சுட்டால் கத்துகிறவர், ஈ உட்கார்ந்தால் கத்துகிறவர், அன்று கத்தவில்லை. அவள் தாங்கியின் துளைக்குள் இடது மோதிர விரலை விட்டு, இரண்டு துளையும் நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஒரு சாண் நழுவியது. அவ்வளவுதான். காப்புக்காகப் போட்டிருந்த இன்னொரு சங்கிலி பிடித்துக்கொண்டதால் அவள் மேல் விழவில்லை. விரலின் மேல்கணு இரண்டு இரும்புக்கும் நடுவே போய்விட்டது.

கத்தியது அவள்தான். தவழ்ந்து வெளியே வந்து, கையைச் சேலையில் சுற்றிக்கொண்டு, முதலில் மேலே பார்த்தாள். விளக்கு வெளிச்சம் கொக்கியின் மேல் ஒரு துளிகூட ஆடாமல் நின்றிருந்தது. இத்தனை நாளில் அவர் இவ்வளவு நேர்த்தியாகப் பிடித்ததே இல்லை. செயின் கொஞ்சம் கொஞ்சமாக நுனிக்கு வழுக்கி வந்ததை அவர் முழுக்கப் பார்த்திருக்கிறார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

"சரி" என்றார் அப்போது. அமைதியாக.

அந்தச் சரிக்கு அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை.

மருத்துவமனையில் விரலை மேல்கணுவோடு எடுத்துவிட்டுத் தைத்தார்கள். "இனிமே அவரைக் கொட்டகைக்குக் கொண்டுவராதீங்க அக்கா. பயமா இருக்கு" என்றான் மண்டு. அவனுக்கு முதல் முறையாக முகம் வெளிறியிருந்தது. புண் ஆறியதும் அவள் அவரை மறுபடி தள்ளிக்கொண்டு வந்தாள். அதே இடத்தில் நிறுத்தினாள். விளக்கைக் கட்டினாள். புதுக் கொக்கி வாங்கிப் போட்டிருந்தாள். அதன் பிறகு அவர் விளக்கை ஒருமுறைகூடத் தப்பாகப் பிடிக்கவில்லை, அவளும் ஒருமுறைகூடத் தட்டவில்லை. மண்டு மட்டும் அந்தக் கொட்டகையில் இருக்கும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டான். வேலை முடிந்ததும் காசு வாங்காமல் போய்விட்டான். பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. பழையதைப் போல உதறல் இல்லை, இருமல் இல்லை. காலை வைத்தால் காத்திருந்ததுபோல் இழுத்தது. பழுதுக்கு வந்த வண்டிகளை எடுத்து நிறுத்தி ஓட்டப் பழகியிருந்த லைட்டக்கா தெருவில் ஓட்டிப் பார்த்தாள், புறவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தாள், புது பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரிக்கு முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டு, நடு சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டால் இறுக்கினாள்.

"எங்கன்னு கேக்க மாட்டியா?" என்றாள். "மேலதான்."

"சரி" என்றார். ஜன்னல் கண்ணாடியை முட்டியால் இடித்தார்.

மேட்டுச் சாலையில் வேன் ஒரு வளைவில்கூடத் திணறவில்லை. கண்ணாடியில் அவ்வப்போது அவர் முகத்தைப் பார்த்தாள். முதல் வளைவில் கோபம் இருந்தது. பாதி வழியில் வேறு என்னவோ இருந்தது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், தலையைக் கொஞ்சம் சாய்த்து, அடுத்தவன் செய்த வேலையில் குறை தேடும் மெக்கானிக்கைப்போல. உச்சிக்கு வரும்போது தேடுவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் இருந்தது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். கதவைத் திறந்தவள் கையில் துடைப்பம் இருந்தது. பின்னால் ஒரு சிறுமி எட்டிப் பார்த்தது. பேத்தி. லைட்டக்கா அதை அன்றுதான் பார்க்கிறாள். மூக்கு தன் மூக்கு என்று நினைத்தாள். ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"நில்லு" என்றாள் மகள்.

"எஞ்சின் மாத்திட்டேன். இப்ப மேடு ஏறுது. அதான் வந்துட்டோம்."

"பஸ் எப்பவும் ஏறிக்கிட்டுதாம்மா இருந்துச்சு."

அப்பாவைப் பார்க்க மகள் வேனுக்குப் போனாள். உள்ளே ஏறி, அவருடைய தொங்கிய வாயை முந்தானையால் துடைத்தாள். தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். பாதி மோவாயில் வழிந்தது, அதையும் துடைத்தாள்.

"அப்பா. நான் அவரைக் கட்டிக்கிட்டது தப்பில்லப்பா. நல்லா வெச்சிருக்காரு."

"சரி" என்றார் மேஸ்திரி.

மகளுக்கு உதடு துடித்தது. "பாப்பாவைப் பாக்கறீங்களா?"

"சரி." அவர் இடது கை அவள் தலைக்கு மேலே எழுந்தது. தடவத்தான் எழுந்ததோ, தள்ளத்தான் எழுந்ததோ, அங்கேயே விழுந்து தலைமேல் கிடந்தது. மகள் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

லைட்டக்கா வேனின் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். விரலைக் கொடுத்தது அவள். எஞ்சினைத் தூக்கியது அவள்.

"அதுக்கு அர்த்தமில்லடி" என்றாள். "உன் அப்பா சரின்னு சொல்லல. அவருக்கு வர்றதே அந்த ஒரு வார்த்தைதான். செருப்பால அடிக்கட்டுமான்னு கேளு, அதுக்கும் சரிம்பாரு."

மகள் கையைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினாள்.

"தெரியும்மா. அத்தை ஃபோன்ல சொன்னாங்க. தெரிஞ்சும் கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அதையும் எடுத்துக்கிட்டே."

"எத்தனை வருஷம் அவரு என்னை..."

"எனக்குத் தெரியாதா? பாத்துக்கிட்டுதானே வளந்தேன்." மகள் வேனிலிருந்து இறங்கினாள். குரலை உயர்த்தவில்லை. "இவரைக் கட்டிக்கக் கூடாதுன்னு அப்பா என்னை ஸ்பேர் பார்ட்ஸ் ரூம்ல பூட்டி வெச்சப்ப, சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

சாவி அவளுடைய இடுப்பில் இருந்தது. மேஸ்திரி காலையில் வேலையில் மூழ்கிவிடுவார். அவள் சாப்பாடு கொடுக்கக் கதவைத் திறந்து, கொடுத்துவிட்டு, திரும்பப் பூட்டுவாள். உள்ளிருந்து மகள் கெஞ்சுவாள். அவர் கேட்டால் என்ன சொல்வேன் என்று இவள் அழுவாள். அழுதுகொண்டே பூட்டுவாள். மகள் கடைசியில் வெளியே வந்தது ஜன்னல் கம்பியை உள்ளிருந்த ரம்பத்தால் அறுத்து.

"அவரு பூட்டுவாருன்னு எனக்குத் தெரியும். அவரு அப்படித்தான். நீ ஒரு நாளாவது மறந்துட்ட மாதிரி பூட்டாம போவேன்னு தினமும் கதவைத் தள்ளித் தள்ளிப் பாத்தேன்."

சிறுமி வாசலில் நின்று, "யாரும்மா?" என்று கேட்டது.

"உள்ள போ" என்றாள் மகள். அம்மாவிடம், "அப்பாவைப் பாக்க நான் வரேன். நீ இல்லாத நேரமா பாத்து வரேன். எப்ப இருக்க மாட்டேன்னு அத்தைகிட்ட சொல்லிவிடு." கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

இறங்கும்போது பாதி வழியில் லைட்டக்கா வேனை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து அவர் "சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி "சரி" என்றார். என்ன சரி அது என்று எல்லாச் சரியும் தெரிந்த அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் இரண்டு வருடம் போல இருந்தார். மகள் சொன்னபடியே வந்தாள், அம்மா வேனோடு வெளியே போகும் நேரங்களில். வீடு திரும்பும்போது கட்டில் விரிப்பு மாறியிருக்கும், நகம் வெட்டியிருக்கும், அதை வைத்துத்தான் மகள் வந்துபோனது தெரியும். லைட்டக்கா தன் நகத்தைத் தானே வெட்டிக்கொண்டாள். வேன் மலை ஊருக்கும் கீழ் ஊருக்கும் ஆள் ஏற்றி ஓடியது. நல்ல எஞ்சின், நேரத்துக்குப் போகிறது, ஓட்டுகிற அம்மாதான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்று பயணிகள் சொன்னார்கள். ஏறத் தாமதித்த கிழவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டாள் என்றும் ஒரு புகார் உண்டு.

மேஸ்திரி இறந்தபோது மகள் கணவனோடும் குழந்தையோடும் வந்தாள். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும், லைட்டக்கா வேனைத் துடைத்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள். மகள் அதைக் கடந்து, தெருமுனையிலிருந்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பேத்தி ஒருதரம் திரும்பிப் பார்த்தது. லிஃப்ட்காரன் மட்டும் நின்று, "வர்றோங்க அத்தை" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனான்.

லைட்டக்காவுக்கு அன்றும் மலைக்குப் போகும் ஆட்கள் காத்திருந்தார்கள். ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மூன்றாவது வளைவில் முன்னால் மகள் ஏறிய பஸ், கறுப்புப் புகை கக்கிக்கொண்டு, மூச்சுவாங்கிக்கொண்டு ஏறியது. பின்னால் கொஞ்ச தூரம் மெதுவாகப் போனாள். "முந்திடுங்கம்மா, நேரமாகுது" என்றார் ஒருவர். அவள் கியரைக் குறைத்து, காலை அழுத்தினாள். எஞ்சின் உடனே இழுத்தது. பஸ்ஸை ஒட்டிக் கடக்கும்போது ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எந்த ஜன்னலில் அவர்கள் இருந்தார்கள் என்று பார்க்க முடியவில்லை. வேகம் அதிகமாக இருந்தது.